டப்பா காலியாகத்தான் வரணுமா? ப்ளேஸ்கூல், அங்கன்வாடி சாப்பாட்டு நேரம் பற்றி

முகப்பேர்_மிஸ்
மழலையர் பள்ளி டீச்சராக இருக்கிறேன். எங்கள் நிர்வாகத்துக்குச் சென்னையில் இரண்டு கிளைகள். ஒன்று முகப்பேர் பக்கம், அடுக்குமாடிக் குடியிருப்புகளுக்கு நடுவே. இன்னொன்று பெரம்பூர் தாண்டி வியாசர்பாடியை ஒட்டி, அங்கே கட்டணம் பாதிக்கும் குறைவு. இரண்டிலும் வேலை பார்த்துவிட்டேன். பாட்டும் ரைம்ஸும் இரண்டு இடத்திலும் ஒன்றுதான். சாப்பாட்டு மணி அடித்த பிறகுதான் இரண்டும் வேறு வேறு ஊர் ஆகிவிடுகின்றன.

முகப்பேரில் ஒவ்வொரு பிள்ளையும் ஐந்து அறை வைத்த டப்பாவோடு வருகிறது. ஒரு வகுப்புக்கு இரண்டு ஆயாக்கள். மூன்றரை வயதுப் பையனுக்கும் ஸ்பூனால் ஊட்டுகிறார்கள். அவன் ஓடினால் பின்னாலேயே போகிறார்கள். மூடியில் ஒரு சீட்டு ஒட்டியிருக்கும்: "முழுவதும் சாப்பிட வைக்கவும்." முடித்ததும் காலி டப்பாவைப் போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் போட வேண்டும்.

வியாசர்பாடிக் கிளையில் ஒரே ஆயா. எலுமிச்சை சாதம், இட்லி, தயிர் சாதம், சில நாள் வெறும் பிஸ்கட் பாக்கெட். பிள்ளைகள் தாங்களே கையால் சாப்பிடுகிறார்கள், சிந்துகிறார்கள். ஊட்ட ஆள் இல்லாததால் யாரும் ஊட்டுவதில்லை. ஆனால் "சீக்கிரம் முடி, சிந்தாதே, வீணாக்காதே" என்று குரல் மட்டும் கேட்டுக்கொண்டே இருக்கும்.

இரண்டு இடத்திலும் பிள்ளையிடம் "உனக்குப் போதுமா?" என்று யாரும் கேட்பதில்லை என்பதுதான் எனக்கு உறுத்துகிறது. ஏரியா மாறினால் ஊட்டும் முறை மாறுவதை நீங்களும் பார்த்திருக்கிறீர்களா? பெற்றோர், அங்கன்வாடியில் வேலை செய்பவர்கள், டயட்டீஷியன்கள் யாராவது இருந்தால் எழுதுங்கள்.

பெசன்ட்நகர்_அப்பா
மிஸ், அந்தச் சீட்டு எழுதும் கட்சி நான்தான். எங்கள் பக்கத்தையும் கேளுங்கள். பையனுக்கு நான்கு வயது. டாக்டர் எடை பார்த்துவிட்டு "கொஞ்சம் லைட்டாக இருக்கான்" என்று ஒரு வார்த்தை சொன்னார். அன்றைக்கு என் அம்மாவுக்குத் தூக்கம் போனது. காலை எட்டரைக்கு விட்டால் மூன்று மணிக்குத்தான் அழைக்கிறோம். நடுவில் என்ன நடந்தது என்பதற்கு எங்களிடம் இருக்கும் ஒரே தடயம் அந்த டப்பா. அது நிறைந்து வந்தால் பயமாக இருக்கிறது.

இன்னொரு தொல்லையும் உண்டு. பள்ளியே மெனு அனுப்புகிறது. திங்கள் பழம், செவ்வாய் சிறுதானியம், புதன் "நிறமுள்ள காய்". மீறினால் டைரியில் குறிப்பு வரும். ராகி குக்கீஸ் செய்ய நானும் மனைவியும் ராத்திரி பதினொரு மணிக்கு யூடியூப் பார்க்கிறோம். பையன் அதை முகர்ந்துகூடப் பார்ப்பதில்லை. அதையும் ஆயாதான் திணிக்க வேண்டும்.

சத்துமாவு
வடசென்னையில் அங்கன்வாடிப் பணியாளர் நான். எங்கள் மையத்தில் இரண்டு முதல் ஐந்து வயது வரை இருபத்தைந்து பிள்ளைகள், நான், ஒரு உதவியாளர். அவங்கதான் சமையலும். காலையில் சத்துமாவு உருண்டை அல்லது கொழுக்கட்டை, மத்தியானம் சாதம். வாரம் மூன்று நாள் முட்டை, செவ்வாய் பயறோ கொண்டைக்கடலையோ, வெள்ளி உருளைக்கிழங்கு. எல்லோருக்கும் ஒரே தட்டு, ஒரே சாப்பாடு, வரிசையாக உட்கார்ந்து.

நான் யாருக்கும் ஊட்டுவதில்லை. ஊட்ட நேரம் எங்கே? பதிவேடு, போன் ஆப், எடை, தடுப்பூசி, வீடு பார்ப்பது எல்லாம் இருக்கிறது. புதிதாக வந்த பிள்ளைக்கு முதல் சில நாள் ஊட்டுவோம், அப்புறம் பக்கத்துப் பிள்ளையைப் பார்த்து அதுவே பழகிவிடும்.

ஆனால் மிஸ் கேட்ட "போதுமா" கேள்வியை நான் கேட்பதில்லை, அதற்குக் காரணம் இருக்கிறது. பெசன்ட் நகர் பிள்ளை மத்தியானம் போதும் என்றால் நாலு மணிக்கு ஒன்று, ஆறு மணிக்கு ஒன்று கிடைக்கும். என் மையத்துப் பிள்ளையின் அம்மா வீட்டு வேலை முடித்து வர இருட்டிவிடும். நடுவில் அஞ்சு ரூபாய் பாக்கெட்தான். மூணு வாயில் போதும் என்று எழுந்தால் எனக்கு மனசு கேட்காது. "இன்னும் ரெண்டு வாய் வாங்கிக்கோ" என்று உட்கார வைத்துவிடுவேன். முட்டை நாளில் பாதி முட்டையை மடித்துச் சட்டைப்பைக்குள் வைக்கிற பிள்ளையும் இருக்கிறது, வீட்டிலிருக்கும் தங்கச்சிக்காம். அதை நான் பார்க்காத மாதிரி இருந்துவிடுவேன்.

கணக்குப்புலி
சில எண்களை வைத்துப் பேசுவோம். தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின் ஐந்தாவது சுற்றில் (2019-21) தமிழ்நாட்டில் ஐந்து வயதுக்கு உட்பட்டவர்களில் 25 சதவீதம் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள், 22 சதவீதம் எடை குறைந்தவர்கள். ரத்தசோகை 57 சதவீதத்துக்கும் மேல். இவ்வளவு பெரிய எண் ஏழை ஏரியாக்களில் மட்டும் அடங்காது. ஐந்து அறை டப்பா கொண்டுவரும் பிள்ளைக்கும் இரும்புச்சத்து குறைவாக இருக்கலாம்.

அமெரிக்காவிலிருந்து ஒரு தகவல். ஏழைக் குடும்பப் பிள்ளைகளுக்காக 1965-இல் தொடங்கிய ஹெட் ஸ்டார்ட் என்ற திட்டம் அங்கே இருக்கிறது. பிள்ளைகள் மேசையில் பாத்திரத்திலிருந்து தாங்களே பரிமாறிக்கொள்ள வேண்டும், பெரியவர்கள் கூடவே உட்கார்ந்து சாப்பிட வேண்டும் என்பது அதன் வழக்கம். 2013-இல் வெளியான ஒரு ஆய்வில், கூட உட்காருவது, தானும் சாப்பிட்டுக் காட்டுவது போன்ற பழக்கங்கள் மற்ற மையங்களை விட ஹெட் ஸ்டார்ட் ஆசிரியர்களிடம் அதிகம் இருந்தன. ஏழைப் பிள்ளைகளின் மையம் என்றால் ஊட்டும் முறையும் மோசமாகத்தான் இருக்கும் என்று நினைக்க வேண்டாம் என்பதற்காகச் சொல்கிறேன். விதிமுறையும் பயிற்சியும் இருந்தால் ஏரியாவின் செல்வாக்கு குறைகிறது.

ஒரு சந்தேகம். "ஏரியா" என்று எதைச் சொல்கிறோம்? பெசன்ட் நகரை எடுத்தால் அதை ஒட்டியே ஊரூர் குப்பம் இருக்கிறது. வார்டு சராசரி போட்டால் இரண்டும் கலந்து ஒன்றுமில்லாமல் போகும். சென்னையில் பணக்காரத் தெருவும் ஏழைத் தெருவும் முதுகோடு முதுகு ஒட்டித்தான் நிற்கின்றன.

துரைப்பாக்கம்_அண்ணன்
கலந்து இருப்பது பழைய சென்னை, கணக்குப்புலி. எங்கள் பக்கம் வந்து பாருங்கள். கண்ணகி நகர், செம்மஞ்சேரி, பெரும்பாக்கம் என்று நகரத்துக்குள் இருந்தவர்களை வெளியே கொண்டுவந்து குடியமர்த்திய இடங்களில் ஏரியா என்றால் ஏரியாதான். பக்கத்தில் வேலை இல்லை. அம்மாக்கள் விடியற்காலையிலேயே பஸ் பிடித்து அடையாறு, மயிலாப்பூர் போய்விடுகிறார்கள். பிள்ளை ஒன்றும் சாப்பிடாமல் அக்கா கையைப் பிடித்துக்கொண்டு வரும்.

அக்காவுக்கு அரசுப் பள்ளியில் முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் இருக்கிறது. 2022 செப்டம்பரில் தொடங்கி 2023 ஆகஸ்ட்டில் மாநிலம் முழுக்க விரிந்தது, ஒன்று முதல் ஐந்தாம் வகுப்பு வரை. பொங்கலோ உப்புமாவோ சாப்பிட்டுவிட்டு உட்காருகிறாள். மூன்று வயதுத் தம்பி அந்தக் கணக்கில் இல்லை. அவன் அங்கன்வாடி திறந்து சத்துமாவு வரும் வரை காத்திருக்க வேண்டும். வெறும் வயிற்றோடு வந்த பிள்ளை தட்டைப் பார்த்ததும் அள்ளி அள்ளிப் போடும், அப்புறம் வாந்தி எடுக்கும். அதைப் பார்த்தவர்களுக்கு "குழந்தையே அளவை முடிவு செய்யட்டும்" என்ற பேச்சு கொஞ்சம் எரிச்சலாகத்தான் இருக்கும்.

டயட்டீஷியன்_மயிலை
எரிச்சல் நியாயம்தான் அண்ணா, ஆனால் அந்தப் பேச்சைப் பாதியோடு நிறுத்திவிட்டோம் என்று நினைக்கிறேன். எதை, எப்போது, எங்கே கொடுப்பது என்பது பெரியவர் வேலை. எவ்வளவு என்பது மட்டும் பிள்ளையின் வேலை. முதல் பாதி ஒழுங்காக நடக்காத இடத்தில் இரண்டாம் பாதி வேலை செய்யாது. அடுத்த வேளை வருமா என்று தெரியாத பிள்ளை அள்ளித்தான் போடும். ஆகவே கண்ணகி நகர் பிள்ளைக்கு முதலில் வேண்டியது வேளை தவறாத சாப்பாடு. பசியை அறிந்து நிறுத்தும் பழக்கம் அதற்கப்புறம் தானாக வரும்.

பெசன்ட் நகர் அப்பாவுக்கு ஒன்று. முதல் வயதில் பிள்ளையின் எடை மூன்று மடங்கு ஆகிறது. இரண்டு வயதுக்குப் பிறகு வருடத்துக்கு இரண்டு கிலோ அளவுதான் ஏறும். வளர்ச்சி மெதுவானால் பசியும் குறையும். அது நோய் இல்லை. ஒரு நாள் எடையை வைத்துப் பயப்பட வேண்டாம், சில மாதக் கோடு எப்படிப் போகிறது என்று டாக்டரிடம் கேளுங்கள்.

ஊட்டித் திணிப்பதன் சிக்கல் இதுதான். 2000-இல் வெளியான ஒரு அமெரிக்க ஆய்வில் பிள்ளைகளுக்குச் சிறிய, நடுத்தர, பெரிய அளவுகளில் சாப்பாடு வைத்துப் பார்த்தார்கள். மூன்று மூன்றரை வயதுப் பிள்ளைகள் தட்டு எவ்வளவு நிறைந்திருந்தாலும் ஏறக்குறைய ஒரே அளவுதான் சாப்பிட்டார்கள். ஐந்து வயதுக்காரர்கள் தட்டு பெரிதானால் அதிகம் சாப்பிட்டார்கள். வயிற்றைக் கேட்டுச் சாப்பிட்ட பிள்ளை தட்டைப் பார்த்துச் சாப்பிடும் பிள்ளையாக மாறுவது இந்த வயதுகளில்தான். அந்த நேரத்தில்தான் நாம் போய் "முடி, முடி" என்கிறோம்.

இன்னொன்று, லஞ்சம். "காய் சாப்பிட்டால் சாக்லேட்" என்றால் காய் அன்றைக்கு உள்ளே போகும், ஆனால் காயின் மேல் பிரியம் குறையும். புது உணவு பிடிக்க எட்டுப் பத்துத் தடவையாவது அது கண்ணில் பட்டு வாயில் பட வேண்டும். துப்பினாலும் பரவாயில்லை. ராகி குக்கீஸை ஒரு தடவை தள்ளினான் என்று அவனுக்குப் பிடிக்காது என முடிவு செய்யாதீர்கள். (ராத்திரி பதினொரு மணிக்குச் செய்ததாக இருந்தால் அவன் தள்ளியது சரியாகவும் இருக்கலாம்.)

சத்துமாவு அக்கா, மூணு வாயில் எழும் பிள்ளைக்கு அளவைக் கூட்டுவதை விட அந்த மூணு வாயைக் கனமாக்கலாம். சாதத்துக்கு முன்னால் முட்டையையோ பயறையோ வையுங்கள், பருப்பில் ஒரு சொட்டு எண்ணெய் கூடுதலாக. முதலில் கொஞ்சமாகப் பரிமாறி இரண்டாம் தடவை கேட்க விடுங்கள். கேட்டு வாங்கும் பிள்ளை பெரும்பாலும் முடித்துவிடும்.

பழைய_வண்ணாரப்பேட்டை
இந்த ஊருக்குப் பள்ளிச் சாப்பாடு புதிது இல்லை. 1920-லேயே ஆயிரம் விளக்கு மாநகராட்சிப் பள்ளியில் மதிய உணவு போட்டார்கள், நீதிக்கட்சிக் காலம், தியாகராயச் செட்டியார் நகரசபைத் தலைவர். 1956-இல் காமராஜர் அதை மாநிலத்துக்குக் கொண்டுபோனார். 1982 ஜூலையில் எம்.ஜி.ஆர். சத்துணவு தொடங்கியபோது இரண்டு வயது முதலே பால்வாடிப் பிள்ளைகளையும் சேர்த்தார். முதலில் கிராமங்கள், அந்தச் செப்டம்பரில் நகரங்கள்.

நான் அந்த எண்பதுகளின் பால்வாடிப் பிள்ளை. வரிசையில் உட்கார்ந்தால் எல்லோர் தட்டிலும் ஒன்றுதான். டப்பா முறையில் அது கிடையாது. டப்பாவைத் திறந்த உடனே யார் வீடு என்ன வீடு என்று நாலு வயதுக்கே தெரிந்துவிடுகிறது. என் பேத்தி படிக்கும் பள்ளியில் முட்டை கொண்டுவரக் கூடாது என்று சுற்றறிக்கை. வாசனையாம்! பக்கத்துத் தெரு அங்கன்வாடியில் அரசாங்கமே முட்டை அவித்துக் கொடுக்கிறது. காசு கட்டும் பிள்ளை அதைப் பள்ளிக்கு எடுத்துப் போக முடியவில்லை. ஏரியா என்று பேசினால் இதையும் பேச வேண்டும். எந்த வீட்டுச் சாப்பாடு "நல்ல சாப்பாடு" என்று யார் முடிவு செய்கிறார்கள்?

பெசன்ட்நகர்_அப்பா
ஐயா, எங்கள் பள்ளியிலும் முட்டை கூடாது. நாங்கள் வீட்டில் முட்டை சாப்பிடுகிறவர்கள்தான். சண்டை போடாமல் பனீர் வைத்து அனுப்புகிறோம்.

பழைய_வண்ணாரப்பேட்டை
அதைத்தான் சொல்கிறேன் தம்பி. முட்டை விலையைப் போல எத்தனை மடங்கு பனீர் விலை? பனீர் வாங்க முடியாதவர் என்ன வைப்பார்? பிஸ்கட் பாக்கெட். மிஸ் வியாசர்பாடியில் பார்த்தது அதுதானே.

முகப்பேர்_மிஸ்
ஐயா, உண்மையைச் சொன்னால் எங்கள் இரண்டு கிளையிலும் அதே விதிதான். முகப்பேரை நினைத்து எழுதிய விதி வியாசர்பாடிக்கும் போனது. மீன் குழம்புச் சாதம் கொண்டுவந்த பிள்ளையை வெளியே உட்கார வைத்ததை அங்கே பார்த்திருக்கிறேன். அந்தப் பிள்ளை மறுநாள் முதல் பிஸ்கட்தான்.

ஓஎம்ஆர்_நைட்ஷிப்ட்
என் கதை நடுவில் மாட்டிக்கொண்டது. காசு இருக்கிறது, நேரம் இல்லை. வீட்டில் பிள்ளைக்குப் போன் காட்டித்தான் ஊட்டுகிறேன், யாரும் உபதேசம் செய்ய வேண்டாம், தெரியும். டேகேரில் போன் கிடையாது. அதனால் அங்கே வாயைத் திறப்பதில்லை. அவர்கள் ஒரு வழி கண்டுபிடித்தார்கள்: கொஞ்சம் பெரிய, நன்றாகச் சாப்பிடும் பிள்ளைக்கு எதிரே உட்கார வைத்தார்கள். ஊட்டவே இல்லை. மெதுவாகக் கை தட்டுக்குப் போக ஆரம்பித்தது. வீட்டில் மட்டும் இன்னும் போன்தான்.

முகப்பேர்_மிஸ்
எல்லாவற்றையும் படித்தபின் எனக்குத் தோன்றுவதை எழுதுகிறேன், தவறென்றால் திட்டுங்கள்.

சாப்பாட்டு நேரத்தில் டீச்சரோ ஆயாவோ பிள்ளையின் முகத்தைப் பார்த்து நடந்துகொள்வதில்லை. தங்களிடம் கணக்குக் கேட்கப் போகிறவரை நினைத்துத்தான் நடந்துகொள்கிறோம். முகப்பேரில் கணக்குக் கேட்பவர் பெற்றோர், மூன்று மணிக்கு டப்பாவைத் திறப்பார். அதனால் டப்பா காலியாக வேண்டும், பிள்ளை சாப்பிட்டதா ஆயா சாப்பிட்டாரா என்பதுகூட இரண்டாவதுதான். (நடந்திருக்கிறது. மீதியைக் குப்பையில் கொட்டிவிட்டுப் போட்டோ எடுத்ததும் நடந்திருக்கிறது.) வியாசர்பாடிக் கிளையில் பெற்றோர் கேட்க மாட்டார்கள், வேலைக்குப் போயிருப்பார்கள். அங்கே கணக்குக் கேட்பவர் மேனேஜர்: தரை சுத்தமாக இருக்கிறதா, அடுத்த வகுப்பு நேரத்துக்குத் தொடங்கியதா. அதனால்தான் "சீக்கிரம், சிந்தாதே." சத்துமாவு அக்காவின் மையத்தில் எடைப் பட்டியல் கேட்கிறது.

ஏரியா இப்படித்தான் வேலை செய்கிறது என்று நினைக்கிறேன். ஏழைப் பகுதி டீச்சருக்கு அன்பு குறைவு, பணக்காரப் பகுதி டீச்சருக்கு அறிவு அதிகம் என்பதெல்லாம் இல்லை. நானே இரண்டு கிளையிலும் இருந்தவள், இரண்டு இடத்திலும் இரண்டு விதமாகத்தான் நடந்துகொண்டேன்.

கணக்குப்புலி
இதை ஏற்கிறேன், ஆனால் ஆள் எண்ணிக்கையை விட்டுவிட்டீர்கள். 2013-இல் வந்த தேசிய முன்பருவக் கல்விக் கொள்கை மூன்று முதல் ஆறு வயதுக்கு இருபது பிள்ளைகளுக்கு ஒரு பெரியவர், மூன்றுக்குக் கீழே பத்துப் பிள்ளைகளுக்கு ஒருவர் என்கிறது. முகப்பேரில் ஆள் அதிகம், ஆனால் அந்த ஆள் ஊட்டுவதற்குப் போகிறார். வியாசர்பாடியில் ஆள் குறைவு, பிள்ளை தானாகக் கற்கிறது. ஆள் கூடினாலே நல்லது என்று சொல்ல முடியவில்லை.

சத்துமாவு
மிஸ் சொன்னது உண்மை. எடைப் பட்டியலில் எடை குறைந்த பிள்ளை கூடினால் என்னைத்தான் கேட்பார்கள். ஆனால் அந்தப் பட்டியல் வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். எடையோடு கைச்சுற்றளவையும் நாடா வைத்து அளக்கிறோம், 11.5 சென்டிமீட்டருக்குக் கீழே என்றால் கடுமையான சத்துக்குறைவு. அப்படிப் போன பிள்ளையை அந்த நாடாதான் கண்டுபிடித்துக் கொடுத்தது, என் கண்ணுக்குச் சும்மா ஒல்லியாகத்தான் தெரிந்தது.

அப்புறம் அமெரிக்காவில் டீச்சர் கூட உட்கார்ந்து சாப்பிடுவார் என்றீர்கள். இங்கே சமைப்பது பிள்ளைகளின் எண்ணிக்கைக்கு அளந்து. நானும் அதிலிருந்து எடுத்துச் சாப்பிட்டால் பிள்ளை சாப்பாட்டைத் தின்கிறாள் என்று பேச்சு வரும். அதனால் எங்கள் டப்பாவைப் பிள்ளைகள் தூங்கியபின் திறக்கிறோம். அவர்கள் என்னைச் சாப்பிடும்போது பார்த்ததே இல்லை. இத்தனை வருடத்தில் இதை யோசித்ததில்லை. நாளைக்கு என் டப்பாவை அவர்களோடு உட்கார்ந்தே திறந்து பார்க்கிறேன், உதவியாளரையும் கூப்பிடுகிறேன்.

தாங்களே பரிமாறிக்கொள்வது மட்டும் கஷ்டம். சாம்பார் கொதிக்கக் கொதிக்க வரும், அந்தப் பக்கம் பிள்ளையை விடவே முடியாது. உருளைக்கிழங்கும் பயறும் ஆறியிருக்கும். வெள்ளிக்கிழமை சின்னக் கரண்டி கொடுத்தோம். உதவியாளர் அக்கா "தரையை நீயே துடைச்சிக்கோ" என்று முறைத்தார்கள். பிள்ளைகள் என்னவோ ரொம்பக் கவனமாகத்தான் எடுத்தார்கள், ஒரு பையன் மட்டும் பக்கத்துத் தட்டுக்கும் சேர்த்துப் போட்டான்.

துரைப்பாக்கம்_அண்ணன்
அக்கா, தண்ணீரையும் சேர்த்துக்கொள்ளுங்கள். லாரித் தண்ணீர் வராத நாளில் எங்கள் மையத்தில் கை கழுவும் வேலையைக் குறைக்க ஸ்பூனால் ஊட்டிவிடுவார்கள். இதை எந்த ஆய்விலும் "ஊட்டும் முறை" என்று எழுதியிருப்பார்களா தெரியவில்லை.

டயட்டீஷியன்_மயிலை
பெற்றோருக்கு அனுப்ப ஒரு குறிப்பு கேட்டுத் தனிச்செய்தியில் இரண்டு பேர் எழுதினார்கள். பொதுவிலேயே போடுகிறேன், வெட்டி எடுத்துக்கொள்ளுங்கள்:

"உங்கள் பிள்ளையின் டப்பா மீதியோடு வரலாம். பசித்த அளவு சாப்பிட்டது என்று பொருள். வீட்டில் ஒரு வேளை சாப்பிடும் அளவை விடச் சற்றுக் குறைவாகவே வையுங்கள், வேண்டுமானால் மாலையில் கொடுக்கலாம். அவர்களே கையாளும்படி உருட்டியோ துண்டாக்கியோ வையுங்கள். திராட்சையை நீளவாக்கில் வெட்டி அனுப்புங்கள், முழு வேர்க்கடலை வேண்டாம். அழும்போதும் ஓடும்போதும் நாங்கள் ஊட்ட மாட்டோம், புரையேறும். என்ன சாப்பிட்டான் என்று கேட்பதைப் போலவே எப்படிச் சாப்பிட்டான் என்றும் எங்களைக் கேளுங்கள்."

முட்டை பற்றி நான் எழுதவில்லை. அது நிர்வாகத்தோடு பெற்றோர் சேர்ந்து கேட்க வேண்டியது, டீச்சர் தலையில் கட்டாதீர்கள்.

பெசன்ட்நகர்_அப்பா
சீட்டு ஒட்டுவதை நிறுத்திவிட்டேன். டப்பாவை நான் இனிக் கேட்க மாட்டேன், ஆனால் என் அம்மா கேட்பார், அதற்கு மருந்து இல்லை. முட்டை விஷயத்தைப் பெற்றோர் குரூப்பில் போட்டேன். மூன்று பேர் கட்டைவிரல், ஒருவர் குரூப்பை விட்டு வெளியேறினார்.

முகப்பேர்_மிஸ்
குறிப்பை மேனேஜரிடம் கொடுத்தேன். முதல் நாலு வரி சரி, காலி டப்பா போட்டோவை நிறுத்த முடியாது என்கிறார், பெற்றோருக்கு அதுதான் பிடித்ததாம். பேரம் பேசி, போட்டோ எடுப்பதானால் பிள்ளை தானாகச் சாப்பிடும்போது எடுக்கிறோம் என்று முடிந்திருக்கிறது. வியாசர்பாடிக் கிளைக்குச் சாப்பாட்டு நேரம் பத்து நிமிடம் கூட்டிக் கேட்டிருக்கிறேன், பதில் இல்லை.

சத்துமாவு அக்கா, அந்தச் சின்னக் கரண்டி எங்கே வாங்கினீர்கள்? கடையில் இருப்பதெல்லாம் குழம்புக் கரண்டி அளவுக்கு இருக்கிறது.

சத்துமாவு
சௌகார்பேட்டையில் எடைக்குப் போடுகிற பாத்திரக் கடை. ஊறுகாய்க் கரண்டி என்று கேளுங்கள் மிஸ். பிடி குட்டையாகப் பார்த்து எடுங்கள், நீளமாக இருந்தால் வாள் சண்டை போடுவார்கள்.